குழியானையில் தொடங்கி கல்வெட்டு வரை: பிள்ளைகளை ஊர் நடைக்குக் கூட்டிப்போக ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் கீழக்குயில்குடிக்கு எங்கள் தெருப் பிள்ளைகளை முதன்முதலில் கூட்டிப்போன நாள் அது. அங்கிருக்கும் சமணர் மலையைப் பற்றி நான் இரண்டு நாள் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். செட்டிப்புடவு என்ற குகைக்குப் போகும் வழியில் பாறை நிழலில் மாவு மாதிரிக் கிடந்த மண்ணைப் பார்த்ததும் ஒருவன் உட்கார்ந்துவிட்டான். "அத்தை, இங்க பாருங்க, ஓட்டை ஓட்டையா இருக்கு." புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள். குழியானை என்ற பூச்சியின் வேலை. ஒரு எறும்பு விளிம்பில் கால் வைத்தது, மண் சரிந்தது, அடியிலிருந்து யாரோ மண்ணை அள்ளி வீசுவது போல் எறும்பின் மேல் தூவியது, எறும்பு உள்ளே போய்விட்டது. 20 நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எடுத்துவைத்த குறிப்பில் பாதியை அன்று பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அதன்பிறகு பல தடவை போய்விட்டோம். நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: குறைவாகக் காட்டினால் பிள்ளைகள் நிறையப் பார்ப்பார்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதிலிருந்து வந்தவைதான். உதாரணத்துக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த சமணர் மலையையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் மலை இல்லையென்றால் கண்மாய் இருக்கும், அதைப் பற்றியும் சொல்கிறேன்.

படி 1: இடத்தைச் சுருக்குங்கள்

ஒரு காலைப்பொழுதுக்கு ஒரு இடம் போதும். அந்த இடத்திலும் மூன்று நிறுத்தங்களுக்கு மேல் வேண்டாம். ஒரு மரம், ஒரு நீர்நிலை, மனிதர் கைபட்ட ஒரு கல் என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கீழக்குயில்குடியில் அடிவாரத்திலேயே பெரிய ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோவில் எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி செட்டிப்புடவு. படிகள் ஏறினால், பாறையில் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம்.

5, 6 வயதுப் பிள்ளைகள் என்றால் ஆலமரம், குளம், செட்டிப்புடவு என்று முடித்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பள்ளம் 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மொத்த நடை ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரியவர்கள் 20 நிமிடத்தில் நடக்கிற தூரத்துக்குப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்ள விடுவதுதான் சரி.

சென்னையில் இருப்பவர்கள் மலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். விமானச் சத்தம் கேட்கும் இடத்தில் கற்கால மனிதர்கள் நடமாடியிருக்கிறார்கள் என்று சொன்னாலே பிள்ளைகளின் கண் விரியும்.

படி 2: முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். நிழல் எங்கே விழுகிறது, எந்தப் படி வழுக்குகிறது, குளத்தங்கரையில் எந்தப் பக்கம் சரிவு, கழிப்பறை எங்கே என்று பாருங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 10, 12 வயதுப் பெண்பிள்ளைகள் கழிப்பறை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், சொல்லவும் மாட்டார்கள். கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் யாருடைய வீட்டிலாவது, பெட்ரோல் பங்கிலாவது முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள்.

மலைத்தேன் கூடு பாறையில் தொங்குகிறதா என்று நிமிர்ந்தும் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். புகை, சென்ட் வாசனை, கூச்சல் மூன்றும் தேனீக்களைக் கிளப்பிவிடும்.

அப்படியே அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பேசிவையுங்கள். ஆடு மேய்ப்பவர், கோவில் பூசாரி, டீக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. "ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றேங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நீங்கள் வரும்போது அந்நியராக வரமாட்டீர்கள்.

படி 3: எப்போது, எத்தனை பேர்

ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை பிற்பாதியிலிருந்து மாசி வரைக்கும் எங்கள் பக்கம் நல்ல காலம். குளத்தில் தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கும். காலை 6:30க்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், 9 மணிக்கு இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் பாறை சுடும். பங்குனி, சித்திரையில் மலை வேண்டாம், மரத்தடி நடை மட்டும் வையுங்கள்.

5 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். மொத்தம் 12 பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். கூட்டம் பெருத்தால் பின்னால் நிற்பவர்களுக்கு முதுகுகள் மட்டும்தான் தெரியும். வயது கலந்து இருப்பது நல்லது. 12 வயது அக்காவுக்கு 6 வயதுப் பிள்ளையை ஜோடி சேர்த்து விடுங்கள். நாம் நூறு தடவை "பார்த்துப் போ" என்று சொல்வதைவிட, அக்கா கையைப் பிடித்து நடப்பது பலன் தரும்.

படி 4: பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். தொப்பி. முழுக்கால் சட்டை, பின்னால் பட்டை வைத்த செருப்பு அல்லது ஷூ. ஓஆர்எஸ் பாக்கெட், பஞ்சு, பேண்டேஜ், ஒரு விசில். ஆளுக்கொரு கோடு போடாத நோட்டு, பென்சில், மெழுகு கிரேயான் ஒன்று. குழுவுக்கு ஒரு பூதக்கண்ணாடி. இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

தின்பதற்குக் கடலை மிட்டாய், வெள்ளரிப் பிஞ்சு, வாழைப்பழம். தை மாதம் என்றால் அவித்த பனங்கிழங்கு. அதை நாராக உரித்துத் தின்ன நேரம் பிடிக்கும் என்பதால், ஆலமரத்தடியில் உட்கார வைக்க அதைவிட நல்ல பண்டம் கிடையாது. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். காற்றில் பறக்கும் ஒரு காலிப் பாக்கெட்டைத் துரத்துவதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

படி 5: முதல் நாள் சாயங்காலம், வீட்டில்

இங்கேதான் ஆசையைக் கிளப்ப வேண்டும். நான் செய்வது இது: களிமண்ணைத் தோசை மாதிரித் தட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்து, கூடவே ஈர்க்குச்சியும் கொடுப்பேன். 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் தமிழை எழுதிய தமிழி எழுத்தில் நாலைந்தை மட்டும் சொல்லித்தருவேன். 'க' என்றால் கூட்டல் குறி. 'ர' என்றால் நேராக நிற்கும் ஒரு கோடு. 'ட' என்றால் வலப்பக்கம் திறந்த அரைவட்டம். 'ந' என்றால் படுத்த கோட்டின் மேல் நிறுத்திய குச்சி. அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் 'கர', 'நகர' என்று கீறத் தொடங்கிவிடுவார்கள். தங்கள் பெயருக்கு எழுத்துப் போதவில்லை என்றதும் மீதி எழுத்தையும் அவர்களே கேட்பார்கள். அதற்காகத்தான் நாலோடு நிறுத்துவது.

அப்புறம் சொல்லுங்கள்: கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள் இதே எழுத்தில் கீறியிருக்கின்றன. தன் சாப்பாட்டு டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. பானை ஓட்டை வட்டமாக உடைத்துத் தேய்த்த சில்லுகளும் கீழடியில் நிறையக் கிடைத்தன. பாண்டி விளையாடும் பிள்ளையின் கையில் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

படி 6: நடக்கத் தொடங்கியதும்

முதல் பத்து நிமிடம் எதையும் விளக்காதீர்கள். ஓடட்டும். பள்ளிக்கூடம் இல்லை என்று அவர்கள் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு ஆலமரத்தடி. இங்கே எங்கள் விளையாட்டு: எல்லாரும் கையைக் கோத்து மரத்தைச் சுற்றி நிற்க வேண்டும், எத்தனை பேர் தேவைப்படுகிறது என்று எண்ண வேண்டும். பிறகு கண்ணை மூடி இரண்டு நிமிடம். கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் கச்சகச்சா, செம்போத்தின் 'ஊப் ஊப்', தூரத்தில் பம்ப்செட், யாரோ ஆட்டை அதட்டுவது. முதலில் மூன்று சத்தம் கேட்டதாகச் சொன்ன பிள்ளைக்கு இரண்டாம் தடவை ஏழு கேட்கும்.

பெயர் தெரியாத பறவைக்குப் பிள்ளைகளையே பெயர் வைக்கச் சொல்லுங்கள். நீரில் முங்கி வேறிடத்தில் எழும் ஒன்றுக்கு ஒரு சிறுமி 'ஒளிஞ்சான்' என்று பெயர் வைத்தாள். அதன் பெயர் முக்குளிப்பான் என்று பிறகு சொன்னபோது, "நம்ம பேரும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பெயர் வைத்தவள் அந்தப் பறவையை மறக்கவில்லை. தாமரைக் குளத்தில் நாமக்கோழியைப் பார்த்தால் நெற்றியைக் கவனிக்கச் சொல்லுங்கள், நாமம் போட்டது போல வெள்ளை. பெயருக்கான காரணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இனி குழியானை. இதைப் பார்க்க விதி ஒன்று உண்டு: நிழல் மண்ணின் மேல் விழாமல் குனிய வேண்டும், மூச்சும் மெதுவாக விட வேண்டும். ஒரு புல்லின் நுனியால் குழியின் விளிம்பை மெல்லத் தட்டினால் போதும், உள்ளிருப்பது எறும்பு என்று நினைத்து மண்ணை வீசும். ஒருமுறை ஒன்றை உள்ளங்கையில் மண்ணோடு எடுத்தோம். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், முன்னால் இரண்டு கொடுக்கு. கையில் விட்டதும் பின்னோக்கியே நடந்தது. "ரிவர்ஸ்ல போகுது!" திருப்பி அதே மண்ணில் விட்டதும் பின்பக்கத்தை உள்ளே திணித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி மீண்டும் குழி பறிக்கத் தொடங்கியது. இது வளர்ந்து, தட்டான் போல இறக்கை வைத்து, இரவில் பறக்கும் பூச்சியாகிவிடும் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நம்ப வைக்க நான் முயலவும் இல்லை. வீட்டுக்குப் போய் அவர்களே தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து எனக்குச் சொன்னார்கள்.

எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்ற விதியையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். உதிர்ந்த இலை, உதிர்ந்த இறகு பார்க்கலாம், வரையலாம். உயிருள்ள எதையும் டப்பாவில் போடக் கூடாது. மயிலிறகு தரையில் கிடந்தாலும் அங்கேயே இருக்கட்டும். பானை ஓடு கண்ணில் பட்டால் படம் எடுத்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைக்க வேண்டும். அது எந்த இடத்தில் கிடந்தது என்பதும் சேர்ந்துதான் அதன் வரலாறு.

படி 7: கல்லின் முன்னால்

செட்டிப்புடவு வாசலில் பாறையில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரரின் பெரிய உருவம் அமர்ந்திருக்கிறது. நீண்ட காதுகளோடு உட்கார்ந்திருப்பது செட்டியார் போலத் தெரிந்ததால் ஊரார் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். புடவு என்றால் குகை. இங்கே நீங்கள் செய்ய வேண்டியது, விளக்கம் சொல்வதற்குப் பதிலாகத் தேட விடுவது. "தலைக்கு மேல எத்தனை குடை இருக்கு, எண்ணுங்க." "சிங்கம் எங்க இருக்கு? யானை எங்க?" குகைக்குள் சிங்கத்தின் மேல் அமர்ந்த பெண் தெய்வம் வில்லோடு இருக்க, எதிரே யானை மேல் வாளும் கேடயமும் ஏந்திய வீரன். அந்தச் சிற்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால் யார் ஜெயித்திருப்பார்கள் என்ற வாக்குவாதம் தானாகவே கிளம்பும். அவர்கள் விவாதித்து முடிக்கும்வரை பொறுங்கள்.

பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டு உருவங்கள். அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஒரு கல்வெட்டு இப்படிச் சொல்கிறது: 'ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.' அச்சணந்தி சமணத் துறவி, மதுரையைச் சுற்றிய குன்றுகள் பலவற்றில் அவர் பெயர் இருக்கிறது. இது அவருடைய அம்மா செய்வித்தது. இதை நான் ஒரு தாளில் இன்றைய எழுத்தில் பெரிதாக எழுதிக்கொண்டு போவேன். எழுத்து வேறு, ஆனால் மொழி நாம் பேசுவதுதான். 'தாயார்', 'செய்வித்த' என்று பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பேரையும் போட்டிருக்காங்க, இல்ல அத்தை?" என்று கேட்டாள். 1,100 ஆண்டுகளுக்கு முன்னால் மகன் பெயரோடு தன் பெயரையும் கல்லில் வெட்டச் சொன்ன ஒரு தாய். நான் வேறெதுவும் சொல்லவில்லை.

கல்லின் மேல் சாக்பீஸ், எண்ணெய், மாவு எதையும் தேய்த்து எழுத்தைத் தெளிவாக்கக் கூடாது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அதைவிட முக்கியம், ஒருமுறை தேய்த்தால் தேய்ந்ததுதான். எழுத்து தெரியவில்லையென்றால் காலைவெயில் சாய்வாக விழும் நேரத்துக்குக் காத்திருங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடுபள்ளம் நிழலில் எழும்பி வரும். இந்த டார்ச் வேலை பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி.

கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பதியவைத்து, மேலே மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். அதன் சின்ன வடிவத்தை அடிவாரத்துக்கு இறங்கியபின் செய்யலாம்: ஆல இலையின் பின்பக்கத்தில் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் நரம்பெல்லாம் பதிந்துவரும். ஐந்து ரூபாய் நாணயத்திலும் செய்து பார்க்கட்டும்.

படி 8: ஊர்க்காரர் ஒருவர் பேச வேண்டும்

நடையில் குறைந்தது ஒரு பதினைந்து நிமிடம் உங்கள் குரல் கேட்கக் கூடாது. முன்பே சொல்லிவைத்த பெரியவரை உட்கார வைத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். "உங்க ஊர் வரலாறு சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் அவரும் திணறுவார். "சின்ன வயசுல எங்க குளிச்சீங்க?", "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு எங்க ஒளிஞ்சீங்க?", "இந்த மரத்துல ஏறியிருக்கீங்களா?" இப்படிக் கேட்கச் சொல்லுங்கள். ஆடு மேய்க்கும் அப்பத்தா ஒருவர் எங்களுக்கு 11 செடிகளின் பெயரைச் சொன்னார். தும்பை, குப்பைமேனி, ஆவாரை எனக்கே தெரியும். மற்றதெல்லாம் அன்றுதான் கேட்டேன். பிள்ளைகள் நோட்டில் அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதிக்கொண்டார்கள்.

ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை மண்ணில் கீறித் தரச் சொல்லிக் கேட்டாலும் பெரியவர்கள் மறுக்கமாட்டார்கள். 3 புலி, 15 ஆடு, காய்க்குக் கூழாங்கல்.

மலை இல்லாத ஊரில்: கண்மாய் நடை

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கண்மாயை ஒரு புதிராகவே நடத்தலாம். கரையில் நின்று, "தண்ணி எந்த வழியா உள்ள வருது, எந்த வழியா வெளிய போகுது, கண்டுபிடிங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வரத்துக்கால் (நீர் வரும் வழி), மடை (வயலுக்கு நீர் திறக்கும் வழி), கலிங்கு (நிறைந்த நீர் வழிந்து போகும் இடம்) மூன்றையும் அவர்களே தேடட்டும். பழைய கண்மாய்களில் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதும், குறுக்கே கல் பாவியிருப்பதும் தெரியும். அது குமிழித் தூம்பு. அடியில் துளை, துளையை மூட ஒரு அடைப்பு. ஆள் முங்கியோ மேலே நின்று தூக்கியோ திறந்தால் நீர் கரைக்கு அடியில் உள்ள கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். ஒரு வாளியின் அடியில் ஓட்டை போட்டு, துணிச்சுருளால் அடைத்து, வீட்டில் இதைச் செய்து காட்டலாம்.

கலிங்கில் நட்டிருக்கும் குத்துக்கற்கள் எதற்கு என்று கேளுங்கள். நிறைந்த தண்ணீரை இன்னும் கொஞ்சம் தேக்க வேண்டுமென்றால் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கரணையும் (புல்லோடு வெட்டிய மண்கட்டி) வைத்து அடைப்பார்கள். வெள்ளம் அதிகமானால் அதை எடுத்துவிடுவார்கள். மறுகால் பாயும் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். "அடுத்த ஊருக்கு நம்ம ஊர் தண்ணியா?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைக்கு அது போதும்.

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்தக் கண்மாய் நடையையே சேர்த்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்து எண்ணினால் போதும். தான் எண்ணிய கொக்கு ஒரு பெரிய கணக்கில் சேர்கிறது என்றால் பிள்ளைகள் மிகவும் பொறுப்பாக எண்ணுவார்கள்.

பாதுகாப்பு: இதில் மட்டும் கறார்

மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுங்கள், இதில் வேண்டாம். நீர்நிலையின் விளிம்பிலிருந்து நான்கு அடி தள்ளி ஒரு கோடு, அதைத் தாண்ட அனுமதி இல்லை. மண் அள்ளிய கண்மாயில் இரண்டடிக்குப் பிறகு திடீரென்று ஆழக் குழி இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கைவிடப்பட்ட குவாரிப் பள்ளம் பக்கமே போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் பாறை ஏற வேண்டாம். புதருக்குள், கல்லிடுக்குக்குள் கைவிடக் கூடாது. பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, அது போனபின் நகர வேண்டும். விசில் மூன்று முறை ஊதினால் எல்லாரும் எந்த வேலையில் இருந்தாலும் வந்து சேர வேண்டும். இதைக் கிளம்பும் இடத்திலேயே இரண்டு தடவை பழக்கிப் பாருங்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழி தெரிந்திருக்க வேண்டும், ஒரு வண்டி அடிவாரத்தில் நிற்க வேண்டும்.

யாராவது முகம் சிவந்து, பேச்சுக் குறைந்து உட்கார்ந்துவிட்டால் நடையை அங்கேயே முடித்துவிடுங்கள். மிச்ச இடம் எங்கும் போய்விடாது.

வீட்டுக்கு வந்தபின்

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அடுத்த தடவை ஒரு பிள்ளையும் வராது. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பெரிய தாளை விரித்து, நினைவிலிருந்து எல்லாருமாகச் சேர்ந்து படம் வரையட்டும். ஆலமரம் எங்கே, குளம் எங்கே, நாய் குரைத்த வீடு எங்கே. அளவு தப்பாகத்தான் இருக்கும். எங்கள் வரைபடத்தில் குழியானைக் குழி தாமரைக் குளத்தைவிடப் பெரியது. அதைத் திருத்த வேண்டாம், தேதி மட்டும் போட்டு வையுங்கள்.

பிறகு இரண்டு மூன்று மாதம் விட்டு அதே இடத்துக்கு, அதே படத்தோடு போங்கள். புது இடம் தேடாதீர்கள். எது மாறியிருக்கிறது என்று பிள்ளைகள் படத்தை வைத்துச் சரிபார்ப்பார்கள். நாங்கள் ஐப்பசி மழைக்குப் பிறகு போனபோது பாதையோரத்தில் சிவப்புப் பட்டுத்துணியை வெட்டிப்போட்டது போலத் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. யாரும் நிற்கவில்லை. எல்லாரும் நேரே குழியானை இடத்துக்கு ஓடினார்கள். அங்கே மண் இறுகிப்போய், ஒரு குழியும் இல்லை. முதல் நாள் உட்கார்ந்த அதே பையன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பாறையின் உள்பக்கம் தவழ்ந்து போனான். மழை படாத மூலையில், காய்ந்த மண்ணில், நான்கு குழிகள் இருந்தன.